பட்டா இல்லாதவர் எல்லாம் ஸ்குவாட்டர் அல்லர்

2013ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் வாழ்ந்த 22 குடும்பங்களுக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. அகற்றும் திட்டம் என்று பொருள்படும் தலைப்பு அதில் இருந்தது. குடியிருப்பவர்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவார்கள், மறுகுடியேற்ற உதவிக்கு யார் யாருக்குத் தகுதி உண்டு என்று பார்ப்பார்கள் என்பது கடிதத்தின் சாரம். தீவில் எஞ்சியிருந்த கம்பத்து (பழைய கிராமத்து) வாழ்க்கைக்கும் முடிவு வந்துவிட்டது என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. சில நாள்களில் அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். யாரையும் வெளியேற்றும் எண்ணம் இல்லை. அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே அரசால் கையகப்படுத்தப்பட்டது. தொடர்ந்து இருக்க விரும்புவோர் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுத்துக் கட்டணம் செலுத்தினால் போதும்.

கடிதம் எழுதியவர் இன்னும் கொஞ்சம் பக்குவமான சொற்களைத் தேர்ந்திருக்கலாம் என்பதோடு பலரும் அந்தச் செய்தியை மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் சுவையாகப் பட்டது வேறு. அந்தக் குடும்பங்கள் ஓர் அடிகூட நகரவில்லை. முதலில் தனியார் நிலத்தில் குடியிருந்தார்கள். நிலம் அரசின் கைக்குப் போனதும் அரசு நிலத்தில் இருப்பவர்கள் ஆனார்கள். உரிமம் எடுத்தால் முறைப்படி குடியிருப்பவர்கள், எடுக்காவிட்டால் அத்துமீறியவர்கள். வீடும் கிணறும் மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பட்டா இல்லாமல் பிறர் நிலத்தில் குடியிருப்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஸ்குவாட்டர்’ என்றொரு சொல் உண்டு. உரிமையோ அனுமதியோ இல்லாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் என்று அகராதி ஒரே வரியில் முடித்துவிடும். சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாற்றைச் சொல்லும் நூல்களிலும் கண்காட்சிப் பலகைகளிலும் இந்தச் சொல் தவறாமல் வருகிறது. அத்தாப்புக் கூரை, சேறு, தீ விபத்து, அதன்பின் அடுக்குமாடி என்று கதை ஓடும். அதைப் படிக்கும் பிள்ளை, தாத்தா பாட்டி தலைமுறையினர் யாருடைய நிலத்தையோ வளைத்துப் போட்டு வாழ்ந்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோரைப் பொறுத்தவரை இது சரியல்ல.

வாடகை கட்டிய அத்துமீறல்

போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1947 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9.4 லட்சம், 1957இல் 14.5 லட்சம். இவ்வளவு பேர் எங்கே தங்குவது? அதே 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தி வைத்தது. வாடகைக்கு விடவென்று புதிதாக வீடு கட்டப் பணக்காரர்கள் தயங்கினார்கள். 1927இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை தன் ஆயுள் முழுவதிலும் கட்டிய வீடுகள் சுமார் 23,000தான்.

நகரின் ஓரத்தில் காலி நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஓர் எளிய வழி கிடைத்தது. நிலத்தைத் துண்டு துண்டாகத் தரை வாடகைக்கு விடுவது. மாதம் சில வெள்ளி (டாலர்). வீட்டை வாடகைதாரரே தம் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும். பலகைச் சுவர், மேலே நீப்பா ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை அல்லது துத்தநாகத் தகடு. வசதி இருந்தால் அந்த வீட்டிலேயே ஓர் அறையை மடக்கி இன்னொரு குடும்பத்துக்கு விடலாம். இப்படி ஒரே கூரையின் கீழ் மூவருடைய சம்பந்தம் சேர்ந்துவிடும்: நிலத்துக்காரர், வீட்டைக் கட்டியவர், உள்வாடகைக்கு இருப்பவர். நிலத்துக்காரர் ஆளை அனுப்பி மாதந்தோறும் வாடகை வசூலித்தார். வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இதில் அத்துமீறல் எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு எங்கே வந்தது குற்றம்? கட்டடத்தில். வரைபடம் சமர்ப்பித்து அனுமதி பெறாமல் எழுப்பிய வீடுகள் அவை. நகராட்சியின் தீத்தடுப்பு விதிகளுக்கும் சுகாதார விதிகளுக்கும் அவற்றில் பல உட்படாதவை. நிலத்தில் இருக்க உடையவரின் ஒப்புதல் உண்டு. நிலத்தின் மேல் எழுந்த வீட்டுக்கு அரசின் ஒப்புதல் இல்லை. அலுவலகக் கோப்புகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அனுமதியற்ற வீட்டில் இருப்பவர் எல்லாரையும் ஸ்குவாட்டர் என்று ஒரே கட்டில் கட்டின. தரை வாடகை கட்டியவர் அதில் இருந்தார். அரசு நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு உரிமம் புதுப்பித்துக் காய்கறி பயிரிட்டவர் இருந்தார். மலாய்க் கம்பத்தில் உறவினர் நிலத்தின் ஓரத்தில், அவர்கள் மொழியில் ‘மெனும்பாங்’ என்று சொல்லும் முறைப்படி, ஒண்டிக் குடியிருந்தவரும் இருந்தார். யாரையும் கேட்காமல் குடிசை போட்டவரும் இருந்தார்தான். ஆனால் அகராதி சொல்லும் ஸ்குவாட்டர் இந்த வரிசையில் கடைசி ஆள் மட்டுமே.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. கம்போங் கிளாமில் ஜொகூர் சுல்தான் உசேனின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த அரண்மனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாரிசுத் தகராறு நீதிமன்றம் போனது. அரச வாரிசு என்று உரிமை கோரத்தக்கவர் யாரும் இல்லை, நிலம் அரசுடையது என்பதே முடிவாயிற்று. 1904இல் ஒரு தனிச் சட்டம் இயற்றி, அந்த நிலத்தின் வருமானத்திலிருந்து குடும்பத்துக்குப் படி அளக்க ஏற்பாடு செய்தார்கள். பல தலைமுறைகள் அங்கேயே வாழ்ந்தன, பெருகின, இட நெருக்கடியும் வந்தது. 1999இல் அரசு அந்த இடத்தை மலாய் மரபுடைமை நிலையமாக்கப்போவதாக அறிவித்த பிறகுதான் அவர்கள் வெளியேறினார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நில உரிமை இல்லாத குடியிருப்பு அது. ஆனாலும் அவர்களை ஸ்குவாட்டர் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. பட்டா இல்லை என்பது மட்டுமே அந்தச் சொல்லை வரவழைப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த ஊரில் இல்லை.

கடல் கடந்து வந்த சொல்

குந்தி உட்காருவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நிலத்தோடு அது ஒட்டிக்கொண்டது அமெரிக்காவில். 1788இல் ஜேம்ஸ் மேடிசன் ஒரு கடிதத்தில், மேய்ன் பகுதியில் பிறர் நிலங்களில் குடியேறியிருந்தவர்களை இந்தச் சொல்லால் குறிக்கிறார். இகழ்ச்சிதான் அதில் தொனிக்கிறது. ஆனால் அப்படிக் குடியேறியவர்களுக்கு வாக்கு இருந்தது. 1841இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அளந்து ஏலத்துக்கு விடுமுன்பே அரசு நிலத்தில் குடியேறிவிட்டவர் 160 ஏக்கர் வரை ஏக்கருக்கு 1.25 டாலர் விலையில் முதலில் வாங்கிக்கொள்ளலாம். நேற்றுவரை அத்துமீறியவர் இன்று முன்னுரிமை பெற்ற வாங்குநர். அந்த நிலத்தில் அவருக்கு முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே ஸ்குவாட்டர் என்றால் முதலில் ஆடு மாடு திருடிப் பிழைப்பவன் என்று பொருள். பின்னர் குடியேற்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் போய் ஆயிரக்கணக்கான ஆடுகளை மேய்த்தவர்களுக்கு அந்தப் பெயர் போனது. 1836இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டினால் எவ்வளவு பரப்பிலும் மேய்க்கலாம் என்று உரிமம் கொடுத்தது. கம்பளி விற்ற காசில் அவர்கள் மாளிகை கட்டினார்கள், சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த நாட்டில் ஸ்குவாட்டர் என்றால் பெருநிலப் பண்ணையார். ஏழைக் குடியானவர்கள் அவரை அண்ணாந்து பார்த்துச் சபித்தார்கள். அதே ஆங்கிலேயப் பேரரசு, அதே சொல், ஏறத்தாழ அதே குற்றம். ஒருவர் பிரபு ஆனார்; மற்றவர் வீட்டுக்குப் புல்டோசர் வந்தது.

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சந்தேகத்தின் சாயம் ஏற்றியது மலாயாவின் அவசரகாலம். ஜப்பானியர் காலத்தில் உணவு பயிரிடக் காட்டோரம் போன சீனர்கள் பலர் போர் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி வெடித்ததும், காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசியும் செய்தியும் இவர்கள் வழியாகப் போகின்றன என்று அரசு முடிவு செய்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயன்களும் (வரிசை வீடுகளும்) வேலிக்குள் ஒன்றாகத் திரட்டப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் பலர் தமிழர். தோட்டத் தமிழருக்கும் பட்டா கிடையாது. ஆனால் துரையின் லயனில் இருந்ததால் அவர் தொழிலாளி. வேலிக்கு வெளியே மரவள்ளி நட்ட சீனர் ஸ்குவாட்டர்.

அந்தக் காலத்து அதிகாரிகளின் கண்ணில் ஸ்குவாட்டர் என்பவர் வீட்டுவசதித் துறையின் கவலையாக மட்டும் இல்லை; காவல்துறையின் கவலையாகவும் ஆனார். சிங்கப்பூரில் முள்வேலி வரவில்லை, அந்தப் பார்வை வந்தது. 1950களில் பலகை வீட்டுக்காரர்களும் கிராமப்புற விவசாயிகளும் சங்கம் அமைத்து வெளியேற்றத்தை எதிர்த்தார்கள். கிராமப்புறச் சங்கங்கள் 1963இல் கலைக்கப்பட்டன.

தீயும் கணக்கும்

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் நால்வர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கி அப்போது ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. எரிந்த இடத்தை அரசு எடுத்துக்கொண்டது, அடுக்குமாடிகள் எழுந்தன, வீவக தன் முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது, அந்தத் தீயை ஒட்டி நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில் நுழைந்த ஒரு கணக்கு. ஆட்கள் குடியிருக்கும் நிலத்துக்குச் சந்தையில் விலை குறைவு. அவர்களைக் கிளப்புவது பெரும்பாடு. தீ அந்த வேலையை ஒரே மாலையில் முடித்துவிட்டது. காலி நிலத்தின் முழு விலையை நிலத்துக்காரருக்குக் கொடுத்தால், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்ததில் அவருக்கு லாபம் சேர்ந்துவிடும். அதனால் தீயில் அழிந்த இடத்தை அரசு எடுக்கும்போது, காலி நிலமாக மதித்தால் வரும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பீடு கிடையாது என்று திருத்தம் வந்தது.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் மூன்று. ஆள் இருந்தால் ஒன்று. அப்படியானால் உரிமை இல்லாதவர் என்று சட்டம் சொன்ன அதே மனிதரின் இருப்பு, அதே சட்டத்தின் கணக்கில், நில மதிப்பின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். பட்டாதாரர் கையில் உண்மையில் எஞ்சியிருந்தது மூன்றில் ஒன்றுதான். மற்றது ஸ்குவாட்டரின் பிடியில் இருந்தது. இதை அரசு எந்த மேடையிலும் இப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் விலை நிர்ணயம் செய்யும் இடத்தில் சட்டம் உண்மையைப் பேசிவிட்டது.

1966இல் புதிய நிலக் கையகப்படுத்தல் சட்டம் வந்தது. 1973இல் இன்னொரு திருத்தம்: அந்த ஆண்டு நவம்பர் 30 அன்றைய விலையா, கையகப்படுத்தும் நாளின் விலையா, எது குறைவோ அதுவே இழப்பீடு. பின்னாளில் அந்தத் தேதி சிலமுறை பிந்தைய ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டது. முழுச் சந்தை விலை என்ற நிலை 2007இல்தான் வந்தது. நிலத்துக்காரருக்கு இது பேரிடி. குடியிருந்தவருக்கோ சட்டப்படி எதுவும் உரியதில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு தொகை கிடைத்தது, கருணைத் தொகை என்ற பெயரில். வீட்டின் பரப்பு, கொட்டகை, மீன்குளம், பழமரம் என்று பட்டியல் போட்டு அளந்து கொடுத்தார்கள். கூடவே வாடகை வீட்டுக்கு முன்னுரிமை.

கருணை என்ற அந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது. உரிமை என்றால் நீதிமன்றம் போகலாம். கருணைக்குப் போக முடியாது. தொகை எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்கு முன் குடிவந்தவருக்கு என்பதையெல்லாம் கொடுப்பவரே தீர்மானிக்கலாம். அதே சமயம், ஒன்றும் கொடுக்காமல் துரத்தியிருந்தால் இந்த ஊர் இப்படி அமைதியாக மாறியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை வைத்திருந்தவரிடம் அதற்கு ஈடாக ஒரு வீட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எல்லாருக்கும் அது லாபமான பேரம் அல்ல. தரை வாடகை சில வெள்ளியாக இருந்த குடும்பம், 1960களில் ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் தனி. கோழி வளர்த்தவருக்கும் தோட்டம் போட்டவருக்கும் போனது வீடு மட்டுமல்ல, பிழைப்பும்தான்.

தமிழ்நாட்டு ரசீதும் சிங்கப்பூர் உரிமமும்

மலேசியத் தமிழ் ஏடுகளில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் ‘புறம்போக்குக் குடியிருப்பு’ என்பது பழகிப்போன பெயர். தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் சொல் அது. வரி விதிப்புக் கணக்குக்குப் புறம்பே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. மேய்ச்சல் நிலம், வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். தனியாருக்குச் சொந்தமில்லை என்பதன் மறுபக்கம், ஊருக்கே பொது என்பது. ஆக, புறம்போக்கு என்பது நிலத்தைச் சொல்கிறது. ஸ்குவாட்டர் என்பது ஆளைச் சொல்கிறது. சிங்கப்பூர்க் கம்பங்கள் பலவும் தனியார் நிலத்தில் இருந்தவை என்பதால், நம் கதைக்குப் புறம்போக்கு என்ற சொல் முழுதாக ஒட்டவும் ஒட்டாது.

தமிழ்நாட்டில் நடைமுறையும் வேறு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் குடியிருப்பவருக்கு வருவாய்த் துறை அபராதம் விதித்து அறிவிப்பு கொடுக்கும். ஊரில் அதற்குப் ‘பி மெமோ’ என்று பெயர். நீ ஆக்கிரமிப்பாளன் என்று குற்றம் சாட்டும் காகிதம் அது. வாங்கியவரோ அதை மின்கட்டண ரசீதோடும் குடும்ப அட்டையோடும் சேர்த்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவார். இத்தனை ஆண்டாக இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு அரசே கொடுத்த சான்று அல்லவா அது! என்றாவது ஒரு நாள், பெரும்பாலும் தேர்தலை ஒட்டி, வீட்டுமனைப் பட்டா வழங்கும்போது அது கைகொடுக்கும். காத்திருந்தால் காகிதம் கனியும் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. பல இடங்களில் கனிந்தும் இருக்கிறது.

சிங்கப்பூரில் அப்படி ஒரு பாதை திறக்கவே இல்லை. தற்காலிக உரிமத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் நிலத்தில் உரிமை பிறக்காது. தனியார் நிலத்தை 12 ஆண்டு தொடர்ந்து, உடையவரின் அனுமதி இல்லாமல், எதிரிடையாக அனுபவித்தால் உரிமை கோரலாம் என்ற ஆங்கிலேயச் சட்டமரபு ஒன்று இருந்தது. அதுவும் 1994 மார்ச் 1 முதல் ஒழிந்தது. அதற்கு முன்பே 12 ஆண்டு நிறைந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நீண்ட நாள் இருந்ததற்கு மதிப்பு உண்டு, ஆனால் இருந்த இடத்தில் அல்ல. இடத்தை விட்டுக் கிளம்பும்போது வரிசையில் முன்னே நிற்பதற்கே அது பயன்பட்டது. அங்கே பட்டா, இங்கே சாவி. எது மேல் என்று நம் ஆட்கள் திருமண விருந்துகளில் நெடுநேரம் வாதாடுவார்கள். பட்டா வாங்கியவர் நகர நெரிசலில் அதே குடிசை மனையில் இருக்கிறார், சாவி வாங்கியவர் 99 ஆண்டுக் குத்தகை வீட்டில் இருக்கிறார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சாமிக்கும் பட்டா வேண்டும்

தமிழர்களைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் மனிதரோடு நிற்கவில்லை. சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் நிலம் 1823இல் நாராயண பிள்ளைக்கு அரசு அளித்தது. அதற்கு முன் தரப்பட்ட இடங்கள் சரிவராமல் போய், மூன்றாவதாகக் கிடைத்த இடம் அது. 1827இல் பலகையும் அத்தாப்பும் கொண்டு எழுந்த கோயில் இன்றும் அதே மனையில் நிற்கிறது. காகிதம் முதலில், கோயில் பிறகு.

தொழிலாளர்கள் எழுப்பிய கோயில்களுக்கு இந்த வரிசை தலைகீழ். வேலை செய்யும் இடத்தில் ஒரு மரத்தடி, ஒரு சூலம் அல்லது கல், பிறகு மேலே நான்கு தகடு. பாசிர் பாஞ்சாங் சாலையில் அலெக்சாண்டிரா செங்கல் தொழிற்சாலை வளாகத்துக்குள் 1913இல் உருவானது ருத்ர காளியம்மன் கோயில். 1932இல் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே ஊழியர்கள் முனீஸ்வரனுக்குக் குடில் போட்டார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் கேன்பரா சாலையருகே ஒரு மரத்தடியில் பாலசுப்பிரமணியரை வணங்கத் தொடங்கினார்கள். இந்த இடங்களில் துரையோ மேலாளரோ வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதுதான் பட்டா. வாய்ச்சொல்லாகவே நின்ற சம்மதம். முதலாளி மாறும்வரை அது செல்லும்.

முதலாளி மாறினார். சூளை நிலம் துறைமுகத்துக்குப் போனது. காளியம்மன் டெப்போ ரோட்டுக்கு வந்து 1983இல் குடமுழுக்கு கண்டாள். முனீஸ்வரன் 1998இல் காமன்வெல்த் டிரைவ் வந்தார். பாலசுப்பிரமணியர் ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறினார். ‘புனித மரம்’ என்ற அடைமொழி இன்னும் அவர் கோயிலின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரம் பழைய இடத்தோடு நின்றுவிட்டது.

மாறி வருவதற்குக் காசு வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்கென்று ஒதுக்கும் மனைகளை வீவக 30 ஆண்டுக் குத்தகைக்கு விடும். சிறிய கோயிலால் தனியாக நின்று அந்தத் தொகையைத் திரட்ட முடியாது. சீனக் கோயில்கள் பல இதற்கொரு வழி கண்டன: மூன்று நான்கு கோயில்கள் சேர்ந்து ஒரே மனையை எடுத்து, ஒரே கூரைக்குக் கீழ் வெவ்வேறு சன்னிதிகளாக நிற்பது. நம்மிடையேயும் நடந்தது. செங்காங்கிலுள்ள அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தின் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கோயில்கள் கைகோத்து வந்த வரலாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சேராமல், மனையும் எடுக்க முடியாமல் மறைந்துபோன மரத்தடிச் சாமிகள் எத்தனை என்று கணக்கு வைத்தவர் யாருமில்லை. அவற்றை எடுக்கச் சொல்லி வந்த அறிவிப்புகளில் சாமியை எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு. சட்டம் நிலத்தின் மேலுள்ள கட்டடத்தைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பது யார் என்று பார்க்காது.

இன்று சிங்கப்பூரின் பெருந்தீவில் எஞ்சியிருக்கும் ஒரே கம்பம் லோரோங் புவாங்கோக். அதைப் பார்க்கப் போகிறவர்களில் சிலர் இன்னும் அங்கிருப்பவர்களை ஸ்குவாட்டர் என்று எழுதுகிறார்கள். அந்த நிலத்தை ஒரு பாரம்பரிய மருந்து வணிகர் 1956இல் வாங்கினார்; அவர் குடும்பத்துக்கே அது சொந்தம். ஏறத்தாழ இருபத்தைந்து மலாய், சீனக் குடும்பங்கள் மிகச் சொற்ப வாடகை கட்டிக் குடியிருக்கின்றன. சட்டம் அறிந்த எந்த வகையிலும் அவர்கள் வாடகைதாரர்கள். தகரக் கூரையைக் கண்டதும் பட்டா இல்லை என்று முடிவு செய்யும் பழக்கம் ஐம்பதுகளின் கோப்புகளிலிருந்து நமக்கு வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கம்பத்திலிருந்து வந்தவர்கள் என்றால், அவர்கள் உண்மையில் எந்த வகையினர் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. பழைய பெட்டியில் தரை வாடகை ரசீது இருந்தால் அவர்கள் குத்தகையாளர். ஆண்டுக் கட்டணச் சீட்டு இருந்தால் அரசின் உரிமம் பெற்றவர்கள். இழப்பீட்டுக் கடிதம் கிடைத்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். மரங்களும் கொட்டகையும் அதில் எண்ணப்பட்டிருக்கலாம். காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், வாடகை வசூலிக்க மாதாமாதம் யார் வருவார் என்று பாட்டியிடம் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால், அவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். கம்பத்து வீட்டை யார் கட்டினார், நிலம் யாருடையது என்ற கேள்விகளோடு அவற்றைக் கேட்டால் ஸ்குவாட்டர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத ஏற்பாடுகள் பல காதில் விழும்.